நளன் குளத்துத் தண்ணீர்: அன்றும் இன்றும்

காரைக்கால் வட்டாரத்தில் மலை கிடையாது. அருவியும் கிடையாது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம். அத்தனையும் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். மேற்கே வயல், கிழக்கே கடல். குற்றாலநாதரைக் கும்பிடப் போகிறவர் அருவியில் தலையைக் காட்டிவிட்டுத்தான் சன்னிதிக்குள் நுழைகிறார். அங்கே புனிதநீர் தானாக வந்து தலையில் விழுகிறது. கடைமடைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே தண்ணீர் விழுவதில்லை, தேங்குகிறது. நாம்தான் இறங்கி முழுக வேண்டும். அதனால் மலைநாட்டுக்காரர் அருவியிடம் கேட்டதை எல்லாம் இந்தச் சமவெளிக்காரர் குளத்திடம் கேட்டார்.

காரைக்காலுக்கு மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கும் திருநள்ளாற்று நளன் குளம் அப்படிக் கேட்கப்பட்ட குளங்களில் பேர் பெற்றது. தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ‘ஏழரைச் சனி நடக்கிறது’ என்று ஜோதிடர் சொன்னால், வீட்டுக்காரர் மனதில் முதலில் வரும் ஊர் இதுதான். இந்தக் குளமும் கோயிலும் ஒரு காலத்தில் எப்படி இருந்தன, இன்று எப்படி ஆகியிருக்கின்றன என்று பார்த்தால், நம்முடைய பக்தி போன வழியும் அதோடு சேர்ந்து தெரிகிறது.

தர்ப்பைக் காட்டு ஈசன்

இது முதலில் சனீஸ்வரன் ஊர் அல்ல, சிவன் ஊர். தர்ப்பை மண்டிய வனத்தில் எழுந்தருளியவர் என்பதால் தர்ப்பாரண்யேசுவரர். தலவிருட்சமும் தர்ப்பைதான். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. சம்பந்தரின் பதிகங்கள் மட்டும் 4. அவற்றில் ஒன்று மதுரை ஆலவாயையும் நள்ளாற்றையும் சேர்த்துப் பாடியது. திருவாரூரைத் தலைமையாகக் கொண்ட ஏழு விடங்கத் தலங்களில் இதுவும் ஒன்று. தியாகேசர் இங்கே ஆடுவது உன்மத்த நடனம்.

சைவ மரபில் இந்த ஊருக்குப் பெருமை சேர்த்தது பச்சைப் பதிகம். மதுரையில் சமணரோடு அனல்வாதம் நடந்தபோது, சம்பந்தர் தம் பதிகச் சுவடிக்குள் கயிறு சாத்திப் பார்க்க, வந்தது நள்ளாற்றுப் பதிகம். அந்த ஏட்டை நெருப்பில் இட்டார்கள். ஏடு கருகாமல் பச்சையாகவே இருந்தது என்பது வரலாறு. பழைய தலைமுறைச் சைவர்களுக்கு நள்ளாறு என்றதும் நினைவுக்கு வந்தது நெருப்பில் வேகாத அந்த ஏடுதான்.

கோயிலுக்குள் கவனித்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. பலிபீடம் சன்னிதிக்கு நேர்க்கோட்டில் இல்லை, சற்று விலகியிருக்கிறது. அதற்குத் தலபுராணம் ஒரு கதை சொல்கிறது. கோயிலுக்கு நாள்தோறும் பால் அளக்க ஓர் இடையனை அரசன் நியமித்திருந்தான். கோயில் கணக்கன் அந்தப் பாலைத் தன் வீட்டுக்குத் திருப்பிவிட்டு, இடையன் பால் தரவில்லை என்று பொய்க்கணக்கு எழுதினான். அரசன் அதை நம்பி இடையனைத் தண்டிக்கத் துணிந்தபோது, சிவன் சூலத்தை ஏவினார். பாய்ந்துவந்த சூலத்துக்கு நந்தியும் பலிபீடமும் விலகி வழிவிட்டன, கணக்கன் மாண்டான். அந்த இடையனுக்கும் அவன் குடும்பத்துக்கும் கோயிலுக்குத் தெற்கே தனிச் சன்னிதி உண்டு. ஊரில் அதை இடையனார் கோயில் என்பார்கள். பால் அளந்த ஒரு ஏழைக்காக ஈசனே எழுந்துவந்த இடம் இது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சன்னிதிப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நளன் வந்த வழி

நளனுக்கும் இந்த ஊருக்குமான தொடர்பு நேற்று உண்டாக்கியதல்ல. நளன் நாள்தோறும் இங்கே வழிபட்டதைச் சம்பந்தரே ஒரு பாட்டில் குறிப்பிடுகிறார். 7-ஆம் நூற்றாண்டிலேயே ஊர் அறிந்த செய்தி அது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நிடத நாட்டு மன்னன் நளன், தமயந்தியை மணந்து நல்லாட்சி செய்கிறான். கால் சரியாகக் கழுவாத ஒரு நேரம் பார்த்துக் கேடு அவனைப் பற்றுகிறது. சூதில் நாடு போகிறது. பிள்ளைகளைப் பிரிகிறான், நடுக்காட்டில் உறங்கும் மனைவியை விட்டு நடக்கிறான். கார்க்கோடகன் தீண்டி உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகச் சேர்கிறான்.

அவனைப் பற்றியவன் யார் என்பதில்தான் வேறுபாடு. மகாபாரதத்தில் பிருகதசுவ முனிவர் தருமனுக்குச் சொல்லும் கதையில் அது கலிபுருஷன். புகழேந்தியின் நளவெண்பாவிலும் கலியே; நூலின் காண்டங்களில் இரண்டுக்குப் பெயரே கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்றுதான் இருக்கிறது. திருநள்ளாற்றுத் தலபுராணத்தில் அந்த இடத்தைச் சனி பிடித்துக்கொண்டார். ஆனாலும் குளக்கரைப் பிள்ளையார் பெயர் இன்றுவரை கலிதீர்த்த விநாயகர்தான். பழைய கதையின் தடம் அந்தச் சன்னிதியில் அப்படியே இருக்கிறது.

தலபுராணம் சொல்வது இது: நளன் தீர்த்தத்தில் மூழ்கி எழுந்து கோயிலுக்குள் போனான். அவனைத் தொடர்ந்துவந்த சனி, ஈசனுக்கு அஞ்சி வாசலிலேயே நின்றுவிட்டார். அங்கேயே நிலைகொண்டார். தன்னைப் போலத் துன்பப்பட்டு வருகிறவர்களையும் விட்டுவிட வேண்டும் என்று நளன் வரம் கேட்டான். தனக்கு மட்டும் விடுதலை கேட்டு வாங்கிக்கொண்டு போகாத மனிதன் அவன்.

பாரதக் கதையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நளனை விட்டுக் கலி எப்போது நீங்குகிறான்? சூதாட்டத்தின் மறையை இருதுபன்னனிடம் நளன் கற்றுக்கொண்ட அந்த நொடியில். எதை அறியாததால் நாட்டை இழந்தானோ அதைக் கற்ற பிறகுதான் அவன் உடம்பிலிருந்து கேடு வெளியேறியது. அதற்கு முன் ஓர் அரசன் குதிரை தேய்த்து, சமையல் செய்து, பிறர் ஏவல் கேட்டு வாழ்ந்தான். உழைத்தான், பொறுத்தான், கற்றான். நள்ளாற்று முழுக்கு அந்த நீண்ட தவத்தின் கடைசிப் படி. முதல் படிகளை விட்டுவிட்டுக் கடைசிப் படியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரெஞ்சு எல்லைக்குள் ஒரு கோயில்

1739-இல் காரைக்கால் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அடுத்தடுத்த உடன்படிக்கைகளில் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்தன. தஞ்சைச் சீமைக்கு நடுவே இந்தத் துண்டு மட்டும் வேறு கொடியின் கீழ் இருந்தது. கும்பகோணத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் நள்ளாற்றுக்கு வந்தவர்கள் எல்லைச் சுங்கச் சாவடியைத் தாண்டித்தான் நளன் குளத்துக்கு வர முடிந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். பிரெஞ்சு நாளின் கொம்யூன் என்ற சொல் மட்டும் இன்னும் போகவில்லை. ஊரின் உள்ளாட்சிக்கு இன்றும் திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர்.

பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல் ரயில் ஓடத் தொடங்கியது. வழியில் திருநள்ளாறும் ஒரு நிலையம். அந்தப் பாதையில் வந்த ரயிலும், வில்வண்டியும், நடையும்தான் அன்றைய போக்குவரத்து. கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பமாக வந்து, குளத்தில் முழுகி, சுவாமி, அம்பாள், தியாகர் எல்லாரையும் தரிசித்துவிட்டு, மண்டபத்தில் சாப்பிட்டுப் புறப்படுவார்கள். ஊர்க்காரர்களுக்குப் பெரிய விழா வைகாசிப் பிரம்மோற்சவமும் தேரும்தான். சனீஸ்வரர், சுவாமி சன்னிதிக்குப் போகும் வழியில் வாசலோர மாடத்தில் கிழக்கு பார்த்து நிற்கும் ஒரு தெய்வம். அவரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவது முறை. அவரோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிடுவது முறையல்ல.

குளமும் அன்று தனியாக இல்லை. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு என்று காவிரியின் கிளைகள் ஓடும் வட்டாரம் இது. டெல்டாவில் கோயில் குளம் என்றால், அதற்கு ஆற்றிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்றும், மிகுந்ததை வெளியேற்றும் வடிகால் ஒன்றும் இருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். வந்ததும் குளங்கள் நிறையும். கோடையில் வற்றியதும் தூர் வாருவார்கள். அந்த வண்டல் வயலுக்கு உரமாகும். புதுத்தண்ணீர் வருவதும் பழையது போவதும் ஆண்டுதோறும் நடந்ததால்தான், தேங்கிய தண்ணீரையும் தீர்த்தம் என்று கூசாமல் சொல்ல முடிந்தது.

பெயர்ச்சி வந்த பிறகு

சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று ராசி சேர்ந்தால் ஏழரை. இந்தக் கணக்கு புதிதல்ல. புதிது என்னவென்றால், அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த வேகம். வார இதழ்களின் ராசிபலனும், பெயர்ச்சிக்கென்றே வரும் இணைப்புகளும், பிறகு தொலைக்காட்சி நேரலையும் சேர்ந்து, மங்கு சனி, பொங்கு சனி, அஷ்டமத்துச் சனி என்ற சொற்களைப் பிள்ளைகள் வாயிலும் புழங்க வைத்துவிட்டன. ஒன்பது கோள்களுக்கு ஒன்பது தலம் என்று வரிசைப்படுத்தி, சூரியனார்கோயில் தொடங்கிக் கீழப்பெரும்பள்ளம் வரை ஒரே மூச்சில் சுற்றிவரும் வழக்கம் வேரூன்றியது. 2024 முதல் கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே ஒரே நாளில் ஒன்பதையும் காட்டும் பேருந்தை விட்டிருக்கிறது. அந்தச் சுற்றில் திருநள்ளாறு ஒரு நிறுத்தம்.

2011 டிசம்பர் 21, 2014 டிசம்பர் 16, 2017 டிசம்பர் 19, 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20: வாக்கியப் பஞ்சாங்கப்படி இங்கே பெயர்ச்சி விழா நடந்த நாட்கள் இவை. கூட்டம் லட்சக்கணக்கில். 2020-இல் கொரோனா காரணமாக முன்பதிவு செய்தவர்களுக்கே தரிசனம் என்றானது. நளன் குளத்தில் குளிக்கத் தடை. குளத்தில் இறங்காத பெயர்ச்சியை ஊர் அந்த ஆண்டு கண்டது. 2025 மார்ச்சில், வேறொரு பஞ்சாங்க முறையான திருக்கணிதப்படி பெயர்ச்சி என்று எங்கும் செய்தி பரவியபோது, இங்கே வாக்கிய முறைதான், அடுத்த பெயர்ச்சி 2026 மார்ச்சில் என்று கோயில் நிர்வாகம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் ஜோதிடர் சொன்னதே வேதம் என்றிருந்த நாளில் இந்தக் கேள்வி யாருக்கும் எழவில்லை.

ஊரின் முகமும் மாறியது. கோயில் நகரத் திட்டத்தில் சாலைகள் அகலமாயின, விடுதிகள் எழுந்தன, குளத்தின் கரைகள் கட்டப்பட்டன, குளத்து நடுவே நளன் குடும்பத்தின் சிலை நிற்கிறது. 2019-இல் குடமுழுக்கு நடந்தது. 1980-களின் பிற்பகுதியில் நின்றுபோன பேரளம் ரயில் பாதையும் அகலப் பாதையாக உயிர்பெற்று, 2025-இல் சோதனை ஓட்டம் கண்டது. வசதி வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். முதியவர்களும் பெண்களும் உடை மாற்ற இடமில்லாமல் தவித்த நாட்கள் இருந்தன. எளிய மனிதர் மதிப்போடு முழுகித் துவட்டிக்கொண்டு போக வழி செய்வதும் தெய்வப்பணிதான்.

சனிக்கிழமை, குளத்துப் படியில்

விடியுமுன் படிகள் நிறைந்துவிடுகின்றன. கரையோரக் கடைகளில் நல்லெண்ணெய் சின்னச் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது. உச்சியில் வைத்துக் கை கால் முழுக்கத் தேய்த்துக்கொள்கிறார்கள். மருமகளுக்கு மாமியார் தேய்த்துவிடுகிறார். அப்பா தோளில் இருக்கும் குழந்தையின் தலையிலும் ஒரு சொட்டு. பிறகு முழுக்கு. எழும்போது முகத்தில் ஒரு தெளிவு வருகிறது, அது பொய்யில்லை. கடன், கோர்ட்டு வழக்கு, தள்ளிப்போகும் கல்யாணம், கைவிட்ட வைத்தியம் என்று எதையெதையோ சுமந்துவந்தவர்கள் அந்த ஒரு நொடியாவது இறக்கிவைக்கிறார்கள். குளித்ததும் கலிதீர்த்த விநாயகருக்குச் சிதறுகாய். கருப்புத் துணியில் எள்ளை முடிந்து அகலில் ஏற்றிய தீபம். எள்சாதம் காக்கைக்கு.

தண்ணீரைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தேய்த்த எண்ணெய் அதன் மேல் நிறம் நிறமாகப் படர்ந்திருக்கிறது. கீழ்ப்படிகளில் கால் வழுக்குகிறது. கட்டிய துணியைக் குளத்திலேயே விட்டால் பீடை விலகும் என்று யாரோ சொல்லிக் கேட்டவர்கள், வேட்டியை, சேலையை, பிள்ளையின் சட்டையை அவிழ்த்து அப்படியே நழுவவிடுகிறார்கள். துணி நீரில் உப்பி, மிதந்து, மூழ்கி, அடுத்தவர் காலில் சுற்றுகிறது. குளத்தில் துணி போடாதீர்கள் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பணியாளர்கள் ஈரத் துணியைக் கரைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்தவர் கழித்த பீடையை அள்ளுகிற அந்தக் கைகளுக்கு எந்தக் கோயிலில் பரிகாரம்?

வாய்க்கால் தண்ணீரை நம்பி இன்று இவ்வளவு கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. பெயர்ச்சிக்கு முன் குளத்தை வடித்து மோட்டார் வைத்து நிரப்புகிறார்கள். கூட்ட நாட்களில் கரையோரம் ஷவர் குழாய்கள் பொழிகின்றன. அருவி இல்லாத ஊருக்கு அருவி இப்படி வந்திருக்கிறது. ஆனால் கடல் பக்கத்து ஊர் இது. நிலத்தடியில் உப்பு ஏறும் அச்சம் எப்போதும் உண்டு. காவிரித் தீர்ப்பில், காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 7 டிஎம்சி. அது வந்துசேர்வதற்கே காரைக்கால் விவசாயி ஆண்டுதோறும் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. வயலுக்கே தட்டுப்பாடு என்னும்போது குளத்தின் முறை எப்போது வரும்?

புதிய கதைகள்

கதைகளும் மாறிவிட்டன. திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுபோகின்றன என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றுகிறது. அது உண்மையல்ல. சுற்றுவட்டப் பாதையில் ஓடும் செயற்கைக்கோள் நினைத்த இடத்தில் நின்று கிளம்ப முடியாது. பச்சைப் பதிகம் பிறந்த தலத்துக்கு இந்த இரவல் பெருமை தேவையும் இல்லை.

பழைய கதைகள் கேட்பவரிடம் எதையோ எதிர்பார்த்தன. இடையன் கதை, பொய்க்கணக்கு எழுதாதே என்றது. நளன் கதை, எல்லாம் போனாலும் வேலை செய்து பிழைத்துக்கொள், அறியாததைக் கற்றுக்கொள், உனக்குக் கிடைத்த வரத்தை ஊருக்கும் கேள் என்றது. செயற்கைக்கோள் கதை ஒன்றும் கேட்பதில்லை; வியந்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பச் சொல்கிறது, அவ்வளவுதான்.

சனியைப் போல் கெடுப்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை என்பது நம் ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சின் இரண்டாம் பாதியை மறந்து, முதல் பாதியின் பயத்தை மட்டும் வளர்த்துக்கொண்டோம். பயம் மனிதரை அவசரப்படுத்துகிறது. அவசரத்தில் வருகிறவர் குளித்து, துணியை விட்டு, வாசல் மாடத்தைக் கும்பிட்டு, வண்டி ஏறிவிடுகிறார். சனியே அஞ்சி நின்ற ஈசன் உள்ளே இருக்கிறார் என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை.

செய்யக்கூடியவை

அன்றைக்குக் குளத்துக்கு வந்தவர்கள் குறைவு; குளத்தைத் தங்களுடையது என்று பார்த்துக்கொண்ட ஊர்க்காரர்கள் அதிகம். இன்றைக்கு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பார்த்துக்கொள்கிறவர்கள் சம்பளத்துக்கு இருக்கிற சிலர்தான். நளன் குளத்தில் நடந்த மாற்றங்களில் ஆகப் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். இதைத் திருப்ப முடியும். அருவி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். குளத்தைக் கழுவ மனிதர் வேண்டும்.

வருகிறவர்கள் செய்யக்கூடியது எளிது. எண்ணெய் ஒரு துளி போதும். உச்சியில் வைத்தாலே சாத்திரம் நிறைவேறிவிடும். துணியைக் கழித்தே ஆக வேண்டும் என்றால் கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போடலாம். அதைவிடச் சிறந்தது, புதுத்துணி ஒன்று வாங்கி இல்லாதவர் கையில் கொடுப்பது. சனிக்கு உகந்தது ஏழைக்கும் ஊனமுற்றவருக்கும் செய்யும் உதவி என்று ஜோதிடர்களே சொல்வதுதானே. உள்ளே போய்த் தர்ப்பாரண்யேசுவரரையும் அம்பாளையும் தரிசித்துவிட்டு, திரும்பும்போது இடையனார் கோயிலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியது பெரிது. அடுத்தடுத்த பெயர்ச்சிகளுக்கு விடுதியும் சாலையும் திட்டமிடும்போது, குளத்துக்கு வரும் வாய்க்காலும் போகும் வடிகாலும் அதே திட்டத்தில் முதல் வரியில் இடம்பெற வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் காரைக்கால் எல்லைக்குள் நுழையும் நாட்களில், வயலுக்குப் போக ஒரு பங்கு நளன் குளத்துக்கும் சேரட்டும். ஆற்று நீர் வந்து புரண்டு போகும் குளத்தில் முழுகுவதற்குத்தான் நம் பாட்டன் பாட்டி எல்லைச் சுங்கச் சாவடியைத் தாண்டி நடந்து வந்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீரையே கொடுக்க நாம் கடன்பட்டிருக்கிறோம்.